பயாப்ஸியா, பிஎல்ஏ2ஆர் ரத்தப் பரிசோதனையா?

அம்மாவின் கால் வீக்கத்துக்கு முதலில் உப்பின் மேல்தான் பழி போட்டோம். ஊறுகாயை நிறுத்தியும் வற்றவில்லை. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி, நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகும் அப்படியே இருந்தது. சிறுநீரில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 7.8 கிராம், 0.15க்குள் இருக்க வேண்டியது. ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் 2.1தான், ரொம்பக் குறைவு. சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் மட்டும் 0.8, சரியான அளவு. சர்க்கரை நோயும் இல்லை.

மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதியாக, அதாவது சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் நோயாக, இருக்கலாம் என்றார் சிறுநீரக டாக்டர். உறுதி செய்ய இரண்டு வழி: சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, அல்லது பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை. நாங்கள் ரத்தத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பயாப்ஸி எப்படி இருக்கும் என்று பெரியம்மா மகன் சொல்லித்தான் தெரியும். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி எடுப்பார்கள். வலியைவிட அந்த 'டக்' சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிப்போட்டது என்றார். அப்புறம் ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சிறுநீர் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்கு ஆபத்து, நிறுத்தாவிட்டால் சிறுநீரகத்தில் ரத்தம் கசியும் ஆபத்து. எங்கள் முடிவில் பாதி அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது.

ரத்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது? பாஸ்போலிப்பேஸ் ஏ2 ஒரு நொதி. அது வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிதான் பிஎல்ஏ2ஆர். சிறுநீரக வடிகட்டியின் வெளிப்பக்கத்தில் விரல்களைக் கோத்ததுபோல உட்கார்ந்திருக்கும் போடோசைட் செல்களின் மேல் இந்த ஏற்பி இருக்கிறது. உடம்பு அதையே எதிரி என்று நினைத்து, கிருமிகளைத் தாக்குவதற்கான எதிர்ப்புப் புரதத்தை, அதாவது ஆன்டிபாடியைத் தயாரித்தால், அது அங்கே போய் ஒட்டிப் படிகிறது. சவ்வு தடிக்கிறது, செல்கள் சேதமாகின்றன, புரதம் ஒழுகுகிறது. 2009ல் பாஸ்டனில் லாரன்ஸ் பெக், டேவிட் சாலன்ட் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்த 37 நோயாளிகளில் 26 பேரிடம் இந்த ஆன்டிபாடி இருந்தது. அதுவரை இந்த நோய்க்குக் 'காரணம் தெரியாதது' என்றுதான் பெயர்.

அம்மாவுக்கு வந்த அளவு 148. 20க்கு மேல் போனாலே பாசிட்டிவ். நெஃப்ராட்டிக் அறிகுறிகளோடு (வீக்கம், சிறுநீரில் அதிகப் புரதம், ரத்தத்தில் குறைந்த ஆல்புமின்) இந்த ஆன்டிபாடியும் இருந்தால் பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம் என்று சிறுநீரக நோய்களுக்கான 2021 கேடிகோ (KDIGO) சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. இதே நோயை வரவழைக்கக்கூடிய புற்றுநோய், ஹெபடைடிஸ் பி போன்றவை இல்லை என்று பார்த்துவிட்டு, பயாப்ஸியைத் தள்ளிவைத்தார் டாக்டர்.

என்னை ரத்தப் பரிசோதனையின் பக்கம் முழுசாகச் சாய்த்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். பயாப்ஸி ஒரு நாளின் புகைப்படம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரும் சிறுநீரகத்தில் ஊசி குத்தமாட்டார்கள். ஆன்டிபாடியை அப்படிப் பார்க்கலாம். இந்த நோய் மூன்றில் ஒரு பங்கு பேருக்குத் தானாகவே தணிகிறது என்பதால், முதலில் ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரையோடு காத்திருந்தோம். மூன்று மாதத்தில் 148 என்பது 171 ஆனது. காத்திருந்தது போதும் என்று, ஆன்டிபாடி உருவாவதை அடக்கும் ரிட்டுக்ஸிமேப் மருந்தை ஏற்றினார்கள்.

அதற்கடுத்த மூன்று மாதத்தில் ஆன்டிபாடி 24. புரதமோ இன்னும் 6.9 கிராம். கால் வீக்கமும் அப்படியே. மருந்து வேலை செய்யவில்லை, வேறு டாக்டரைப் பார்ப்போம் என்று தம்பி குதித்தான். "அடுப்பை அணைச்சாலும் தோசைக்கல் ஆற நேரமாகும் தம்பி" என்றார் டாக்டர். ஆன்டிபாடி முதலில் இறங்கும், வடிகட்டி சீராகிப் புரதம் குறைய மேலும் மாதங்கள் பிடிக்கும். வெறும் சிறுநீர் ரிப்போர்ட்டை மட்டும் வைத்திருந்தால் தேவையில்லாமல் இன்னொரு மருந்து ஏறியிருக்கும். அடுத்த முறை ஆன்டிபாடி நெகட்டிவ், புரதம் 3.1. இப்போது 0.9.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. அவசரத்துக்கு வேறொரு லேபில் கொடுத்தோம். அவர்கள் ரிப்போர்ட்டில் 1:100 என்று இருந்தது. அது வேறு முறை. எங்களிடம் இருந்த எண்களோடு ஒப்பிடவே முடியவில்லை. சில ஆயிரம் ரூபாய் தண்டம். தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால் ஒரே லேப், ஒரே முறை.

சரி, பயாப்ஸிக்கு என்ன மிச்சம்? நிறையவே. வேறு நோயால் வராத முதன்மை வகை நோயாளிகளிலும் நான்கில் ஒருவர் அளவுக்கு இந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்காது. அப்போது பயாப்ஸிதான் பேசும். ரத்தத்தில் தென்படாத பிஎல்ஏ2ஆர் சில நேரம் சிறுநீரகத் துணுக்கில் தென்படும். பிஎல்ஏ2ஆருக்குப் பதில் நெல்-1 (NELL-1) போன்ற வேறு புரதங்கள் தொடர்பான வகைகளும் அதில்தான் பிடிபடும். நெல்-1 வகை நோயாளிகளில் பலர் பாரம்பரிய மருந்து எடுத்தவர்கள் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சோதித்த மருந்துகளில் பாதரசம் இருந்தது. கேரளத்தின் மலப்புரம் பக்கம் இதே வகை, பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் பூசியவர்களிடம் வந்தது. அங்கே முதல் வைத்தியம் க்ரீமைத் தூக்கிப்போடுவதுதான். கிரியாட்டினின் ஏறியிருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதையும் ரத்தம் சொல்லாது.

நான் பார்த்தது ஒரே ஒரு அம்மாவைத்தான், அதுவும் முதல் பரிசோதனையிலேயே பாசிட்டிவ் வந்தவரை. நெகட்டிவ் வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் சாய்ந்திருக்கும். ஆன்டிபாடி நெகட்டிவாகவே இருந்து புரதம் மட்டும் மறுபடி ஏறினால் பயாப்ஸி செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். க்ளோபிடோக்ரெல் போன மாதம் நின்றுவிட்டது. அடுத்த ரத்தம் ஆவணி கடைசியில், அதே பழைய லேபில்.