எச்சரிக்கை: சீன மின்சாரக் கார் 'நேரடி இறக்குமதி' என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதித் தொலைத்துவிடுவேன்.

3 லட்சம். முன்பணமாகக் கொடுத்தது. "ரீஃபண்ட் பாலிசி கிடையாது சார்" என்று இன்று காலை முடித்துவிட்டார்கள்.

பெயர் போடவில்லை. போட்டால் வழக்கு போடுவோம் என்று ஏற்கெனவே மிரட்டியாயிற்று. சீன மின்சாரக் கார்களைக் குறைந்த விலையில் இறக்கித் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஏஜென்சிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ ஷோரூம் அல்ல.

என்னை நம்ப வைத்தது ஒரு வீடியோ. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வண்டி நிற்கிறது. ஓடிய தூரம் 31 கி.மீ. ஒருவர் கேமராவைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய் சேஸிஸ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கிறார். "உங்க வண்டிதான் சார், கப்பல் ஏறப் போகுது. பேட்டரிக்கு ஆயுள் முழுக்க வாரண்டி." இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொள்கிறார்களே என்று அன்று இரவே 3 லட்சம் அனுப்பினேன். சேஸிஸ் எண் 'எல்' என்று தொடங்கியது. அது சீனாவில் தயாரானது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டியா, ஏற்றுமதிக்குச் செய்ததா என்பதை அது சொல்லாது.

வண்டி வந்ததும் பார்க்கக் கூப்பிட்டார்கள். சார்ஜ் போடும் மூடியைத் திறந்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தனித்தனி வாய்கள். மெதுவான சார்ஜுக்கு ஒன்று, வேகச் சார்ஜுக்கு ஒன்று. சீனாவின் ஜிபி/டி முறை அது. இங்குள்ள வேகச் சார்ஜர்களில் இருப்பது சிசிஎஸ்2 என்ற வேறு வகைச் சார்ஜிங் கன். மேலே வட்டம், கீழே இரண்டு தடித்த முனை, எல்லாம் ஒரே தலையில். கிட்டேகூடப் போகாது. திரையைப் போட்டால் முழுக்கச் சீன எழுத்து. செயலியில் நுழையச் சீன மொபைல் எண் வேண்டும் என்கிறது.

"அடாப்டர் வாங்கிக்கலாம் சார். அடுத்த அப்டேட்ல இங்கிலீஷ் வந்துரும்."

சரி, வாரண்டி? அதே பிராண்டின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டருக்குச் சேஸிஸ் எண்ணோடு போனேன். எங்கள் சிஸ்டத்தில் இந்த வண்டியே இல்லை என்றார்கள். அங்கிருந்த ஒருவர்தான் பரிதாபப்பட்டு விளக்கினார். சீனாவில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்து, ஓட்டாமலே பதிவை நீக்கி, பழைய வண்டி என்று கணக்குக் காட்டி ஏற்றுமதி செய்வார்களாம். 'பூஜ்ஜிய கிலோமீட்டர் பழைய கார்' என்று அங்கே இதற்குப் பெயரே உண்டு. ஆயுள் பேட்டரி வாரண்டி பல நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத காருக்கு நான் இரண்டாவது ஓனர்!

சீன அரசே இதில் கெடுபிடி செய்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் மின்சாரக் கார் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம். பதிவாகி 180 நாள் ஆகாத காரைப் பழையது என்று அனுப்பினால், சர்வீஸுக்குப் பொறுப்பேற்கும் கடிதத்தைத் தயாரிப்பாளரிடம் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் எக்ஸ்போர்ட்டர் பார்த்துப்பாங்க சார், உங்களுக்கு எதுக்கு?"

வண்டி வேண்டாம், 3 லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்ட நாளிலிருந்து ஆட்டம் மாறியது. மேனேஜர் மீட்டிங்கில். அக்கவுண்ட்ஸ்காரர் லீவில். அப்புறம் ஒரு புதுப்பெண் பேசினார், முதலில் இருந்து கதை சொல்லச் சொன்னார். சொன்னேன். "நோட் பண்ணிக்கிட்டேன் சார்" என்று வைத்துவிட்டார். கடைசியில் வந்த பதில்: பணமாகத் தர முடியாது, மேலே கொஞ்சம் போட்டு வேறு மாடல் எடுத்துக்கொள்ளுங்கள். 3 லட்சத்தை விழுங்கியவனிடம் இன்னும் கொண்டுபோய்க் கொட்டவா?

சீன மின்சாரக் கார் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஓட்டிப் பார்த்தேன், அருமையான வண்டி. அந்த எரிச்சல் வேறு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சார்ஜிங் வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணை அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். ஒரு சார்ஜில் 500 கி.மீ. என்றால் எந்தச் சோதனைப்படி என்று கேளுங்கள். சீனாவின் சிஎல்டிசி சோதனையில் சராசரி வேகமே மணிக்கு 29 கி.மீ. அளவுதான். நெடுஞ்சாலையில் அந்தத் தூரம் வராது. முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்ஸ் நோட் போதாது.

இதே மாதிரி ஏஜென்சியில் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் ரசீது, சாட், வீடியோ எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள். எனக்கு அனுப்பிய வீடியோவை அவர்கள் அழித்துவிட்டார்கள். நல்லவேளை, என் போனில் ஒரு பிரதி இருக்கிறது. நுகர்வோர் புகாரோடு அதுவும் போகிறது.