முன்கதைச் சுருக்கம் இல்லாமல்

ஆறு வருடங்களாக எனக்கு ஒரு பழக்கம். பார்க்கிற தொடரில் ஒரு சீசன் முடிந்தவுடன் கைபேசியில் இரண்டு வரி எழுதி வைத்துவிடுவேன். யாரை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அடுத்த சீசன் வரும்போது முதலில் ஞாபகத்திலிருந்து கதையைச் சொல்லிப் பார்ப்பேன். பிறகு குறிப்பைத் திறப்பேன். அதற்கும் பிடிபடவில்லை என்றால்தான் முன்கதைச் சுருக்கம். மறந்துபோயிருந்தால் குற்றம் தொடருடையது. என் ஞாபகமறதிக்கு இதில் பங்கில்லை என்று முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன். கீழே பல கதைகளின் முடிவுகள் வரும்; இன்னும் பார்க்காதவர்கள் எச்சரிக்கையாகப் படிக்கவும்.

இந்தப் பரீட்சையில் என்னை அதிகம் திணறடித்தது 'செவரன்ஸ்'. அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் அறுவை சிகிச்சையால் இரண்டாகப் பிரித்துக்கொண்ட ஊழியர்களின் கதை; லிஃப்டில் இறங்கினால் வெளியுலகம் மறந்துவிடும். முதல் சீசன் 2022 பிப்ரவரியில் தொடங்கியது. இரண்டாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. என் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "மார்க் கத்திவிட்டான். அவள் உயிரோடு இருக்கிறாள்." எவள்? இறந்துபோனதாக அவன் நம்பிக்கொண்டிருந்த மனைவி என்பது பிடிபட ஒரு நாள் ஆயிற்று. அந்த நிறுவனம் என்ன தயாரிக்கிறது, எண்களை ஏன் பெட்டியில் போடுகிறார்கள், ஆடுகள் எதற்கு, எல்லாம் காற்றோடு போயிருந்தன. ஆனால் அந்த லிஃப்ட் மட்டும் போகவில்லை. அது கீழே இறங்கும்போது கேமரா ஒரு விநாடி முகத்தை விழுங்குவதுபோல நெருங்கும். மார்க்காக நடிக்கும் ஆடம் ஸ்காட்டின் முகம் அதே முகம்தான். கண்ணிலிருந்த துக்கத்தை மட்டும் யாரோ துடைத்தெடுத்திருப்பார்கள். அந்த ஒரு விநாடியை மூன்று வருடம் கழித்தும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

இரண்டாம் சீசன் தொடங்கியதும் அவன் வெள்ளைத் தாழ்வாரங்களில் ஓடுகிறான். விளக்கம் எதுவும் கிடையாது, திருப்பத்துக்குத் திருப்பம் ஓட்டம்தான். மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு இல்லை. நடுவில் சில அத்தியாயங்கள் புதிர்மேல் புதிராக அடுக்கிச் சோர்வடையச் செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். தாமதத்துக்கு 2023 வேலைநிறுத்தங்களும் ஒரு காரணம். அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலையை நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எழுதுகிறவருக்கு ஒழுங்காகக் கூலி கொடுக்காமல் எந்தக் கதை வேகமாக வந்து என்ன?

கடனில் மூழ்கியவர்கள் பணத்துக்காகச் சிறுவர் விளையாட்டுகளில் உயிரைப் பணயம் வைக்கும் 'ஸ்க்விட் கேம்' இதற்கு நேரெதிர். அதில் ஆட்ட விதிகள் அத்தனையும் நினைவிருந்தன. பொம்மை தலையைத் திருப்பும்போது அசையக்கூடாது. சர்க்கரைப் பாகு வில்லையில் குடை வந்தவனுக்குக் கெட்ட நேரம். நாயகன் கி-ஹுன் அந்த வில்லையின் பின்புறத்தை நாய்போல நக்கி நக்கிக் கரைத்ததுகூட நினைவிருந்தது. அவனைத் தவிர மற்றவர்களின் பெயர்களைக் கேட்டால் விழிப்பேன். 2021இல் வந்த முதல் சீசனின் ஆறாம் அத்தியாயத்தில் கோலி விளையாட உட்கார்ந்த ஜோடிகள் மட்டும் முகத்தோடு மனதில் நின்றார்கள். ஆட்டம் எளிது, எதிரே உட்கார்ந்திருந்தவர் நமக்குப் பிடித்தவராக இருந்ததுதான் கொடுமை. இரண்டாம் சீசனில் புதிய முகங்கள் நிறைய வந்தன, ஆனால் யாரோடும் அப்படி உட்கார நேரம் தரவில்லை. ஆட்டமே மூன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. ஏழாவதில் கலகம் தோற்றவுடன் திரை விழுந்துவிடுகிறது. மிச்சம் ஆறு மாதம் கழித்து, மூன்றாம் சீசன் என்ற பெயரில். ஒரே இட்லியை இரண்டாகப் பிட்டு இரண்டு தட்டில் வைத்த கதை. 'டியூன்' படத்தையும் இரண்டாகத்தான் பிட்டார்கள். ஆனால் 2021இல் படம் தொடங்கும்போதே திரையில் முதல் பாகம் என்று போட்டுவிட்டார்கள். நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கதைக்குள் 1983 முதல் 1987 வரை நான்கு வருடம். வெளியே 2016 முதல் 2025 வரை ஒன்பது வருடம். கடைசி சீசனில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது, அவர்களுடைய ஆசிரியர்களைத்தான் காட்டுகிறார்களோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

சுருக்கமே தேவைப்படாதவை இரண்டு. உளவாளிகளின் கதையான 'ஸ்லோ ஹார்சஸ்' ஆறு ஆறு அத்தியாயங்களாக வருகிறது; 2022 முதல் 2025க்குள் ஐந்து சீசன்கள். கேரி ஓல்ட்மன் ஓட்டைக் காலுறையோடு காலை மேசைமேல் தூக்கிப் போட்டவுடன் போன சீசன் முழுவதும் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. 'தி பிட்' ஒரு அவசர சிகிச்சைப் பிரிவின் 15 மணி நேர ஷிஃப்ட்டை 15 அத்தியாயங்களாகக் காட்டியது. 2025 ஜனவரியில் முதல் சீசன், 2026 ஜனவரியில் இரண்டாவது. ஒரு வருடம் என்பது பள்ளியில் கோடை விடுமுறை மாதிரி. திரும்பி வந்தால் எல்லோர் முகமும் தெரியும். வாரம் ஒன்றாக வெளியிட்டதும் நல்லதாயிற்று. ஒரே இரவில் விழுங்கிய தொடர் எதுவும் என் குறிப்பில் ஒரு வரியைத் தாண்டியதில்லை.

இந்த வருடங்களில் பார்த்தவற்றில் என் முதலிடம் 'ஆண்டோர்' இரண்டாம் சீசனுக்கு. இது 2016இல் வந்த 'ரோக் ஒன்' என்ற ஸ்டார் வார்ஸ் படத்தின் முன்கதை; அதைப் பார்த்தவர்களுக்கு நாயகன் சாகப்போவது முன்பே தெரியும். அந்த வசதியை அவர்கள் பயன்படுத்திக்கொண்ட விதம் அழகு. மொத்தம் 12 அத்தியாயங்கள். மூன்று அத்தியாயங்களுக்கு ஒரு வருடம் நகர்கிறது. இடையில் நடந்ததை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்க்கும் பார்வையிலிருந்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு திருமணம். மணமகளின் தாய் மோன் மோத்மா, தன் பழைய நண்பனைக் கொல்லப்போகிறார்கள் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டிருக்கிறாள், தடுக்கவும் முடியாது. கோப்பையைக் காலி செய்துவிட்டுக் கூட்டத்துக்கு நடுவே போய் ஆடத் தொடங்குகிறாள். இசை ஏறுகிறது, அவள் சுழல்கிறாள், விருந்தினர்கள் மகிழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் குறிப்பில் அன்றைக்கு எழுதியது: "ஆடுகிறாள்." வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

படங்களின் இரண்டாம் பாகங்களுக்கு இந்தப் பரீட்சை இன்னும் கடுமை. இடைவெளி வருடக்கணக்கில் போய்விடுகிறது. 24 வருடம் கழித்து வந்த 'கிளாடியேட்டர் 2' பழைய படத்தின் மேலேயே கார்பன் தாள் வைத்து எழுதியதுபோல இருந்தது: அதே அடிமைத்தனம், அதே மணல், அதே பழிவாங்கல். கொலோசியத்தில் தண்ணீர் நிரப்பிச் சுறாக்களை விட்டார்கள். சுறா நினைவிருக்கிறது, யாரைக் கடித்தது என்பது நினைவில்லை. டென்சல் வாஷிங்டன் மட்டும் தன் அங்கியை ஒதுக்கும் தோரணையிலேயே தனிப்படம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

'டாப் கன்: மேவரிக்' 36 வருடம் கழித்து வந்தது. விமானங்கள் பறந்தன, நன்றாகவே பறந்தன. ஆனால் படம் நிற்பது ஓர் அறையில். தொண்டைப் புற்றுநோயால் குரலை இழந்த வால் கில்மர் அதே நோயாளியாக உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைக் கணினியில் தட்டுகிறார். எதிரே டாம் குரூஸ் எழுத்து எழுத்தாகப் படிக்கிறார். அவ்வளவு சத்தமான படத்தில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு முதல் பாகம் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

'இன்சைட் அவுட்' முதல் படத்தின்போது என் மகளுக்கு ஐந்து வயது. இரண்டாம் படம் 2024இல் வந்தபோது பதினான்கு. இடையில் படத்தின் சிறுமி ரைலிக்கு இரண்டே வயதுதான் கூடியிருந்தது. ஹாக்கி ஆட்டத்தில் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்து ரைலிக்கு மூச்சு முட்டும் காட்சி வந்தது. அவள் மனதுக்குள் ஒரு பாத்திரமாக வரும் பதற்றம் என்ற உணர்ச்சி புயலாகச் சுழன்று, சுழலின் நடுவே அசையாமல் கண்ணில் நீரோடு நிற்கும். அதுவரை கைபேசியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் அதைக் கவிழ்த்து வைத்தாள். வீடு திரும்பும்வரை படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு குறை, தொடர்களைப் பற்றியதல்ல. நான் சந்தா கட்டும் ஒரு தளத்தில் கடைசிக் காட்சி முடிந்த மறுகணமே பெயர்ப் பட்டியலை ஒரு மூலைக்குச் சுருக்கிவிட்டு வேறு ஏதோ ஒரு தொடரின் முன்னோட்டம் அலறத் தொடங்குகிறது. இழவு வீட்டு வாசலில் மேளம் அடித்தாற்போல. அமைப்புகளுக்குள் போய் நிறுத்தினேன். செயலி புதுப்பிக்கப்பட்டதும் திரும்ப வந்துவிட்டது. இப்போதெல்லாம் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கிளைமாக்ஸ் பார்க்கிறேன்.

'செவரன்ஸ்' இரண்டாம் சீசன் முடிந்த இரவில் எழுதிய குறிப்பு இது (ஹெலி, அலுவலகத்துக்குள் மார்க்கின் காதலி): "கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி கத்துகிறாள். இவன் ஹெலியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடுகிறான்." இந்த முறை பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.