ரேம் போட்டதும் லேப்டாப் கிராஷ்: விண்டோஸ் டெஸ்டா, மெம்டெஸ்ட்86ஆ?

கொழிஞ்சாம்பாறைல இருந்து பொள்ளாச்சி போயி 8 ஜிபி ரேம் வாங்கி மாட்டியாச்சு, இப்ப ப்ளூ ஸ்க்ரீன் வருதுன்னா கடைக்காரர்கிட்ட சண்டைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிருங்க. விண்டோஸ்லயே இருக்கிற ரேம் டெஸ்ட், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக், ஈஸி, ஸ்டார்ட்ல தேடி ரீஸ்டார்ட் குடுத்தா போதும், ஆனா சும்மா விட்டா ஸ்டாண்டர்ட் டெஸ்ட்தான் ஓடும், எஃப்1 அமுக்கி எக்ஸ்டெண்டட்க்கு மாத்தணும், அப்பவும் சில கோளாறு தப்பிச்சுரும்.

மெம்டெஸ்ட்86ங்கிறது ரேம் டெஸ்ட் பண்ற தனி சாஃப்ட்வேர், பென்டிரைவ்ல போட்டு அதுல இருந்து பூட் பண்ணணும், ஃப்ரீ எடிஷன்ல அதிகபட்சம் 4 பாஸ் (முழு ரவுண்டு), முடிய மணிக்கணக்காகும், சார்ஜர் மாட்டிட்டு தூங்கப் போயிருங்க. என் ஓட்டு இதுக்குத்தான். எர்ரர் வந்துச்சுன்னா உடனே புதுசு மேல பழி போடாதீங்க, ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கா கழட்டி அதே ஸ்லாட்ல தனியா ஓட்டுங்க, தனித்தனியா எர்ரர் இல்லாம ஓடி, ரெண்டையும் சேர்த்து போட்டா மட்டும் எர்ரர்னா ஒண்ணு அடுத்த ஸ்லாட்டுல கோளாறு, இல்லாட்டி ரெண்டுக்கும் ஒத்துப்போகல.