பவரா, அக்ரிமெண்டா, வெறும் கமிஷனா: வழக்கில் கிடக்கும் கூட்டுச் சொத்தை ஏஜெண்டிடம் விடுவதற்கு முன்

நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டா, அதில் ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். இந்த மாதிரி இடத்துக்கு வரும் ஏஜெண்ட் முதலில் கேட்பது பவர்தான், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். "மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் பார்த்துக்கொள்வார், சந்தேகமே இல்லை. யாருக்காக என்பதுதான் கேள்வி.

பவரில் ஒரு வசதி உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஓடி வர வேண்டாம். ஆனால் வரைவை வரிவரியாகப் படியுங்கள். "விற்க" என்று தொடங்கி அடமானம் வைக்க, முன்பணம் வாங்க, வழக்கில் சமரசம் செய்ய என்று போய்க்கொண்டே இருக்கும். ஏஜெண்ட் உங்களுக்குப் பணம் கொடுத்து, அதற்கு ஈடாக அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை வருகிற மாதிரி எழுதிவிட்டால், ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவைக் காட்டி 'ரத்து செய்ய முடியாது' என்று நிற்பார். சாதாரணப் பவரை ரத்து செய்யலாம், எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் முடிந்துவிடும். ஆனால் ரத்து செய்ததை ஏஜெண்டுக்குத் தெரிவிக்கும்வரை அவர் செய்தது உங்களைக் கட்டுப்படுத்தும். பவர் வைத்திருப்பதாலேயே யாரும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது, இருந்தும் பவரைக் காட்டி நிலம் கைமாறுவது நிற்கவில்லை.

கிரய அக்ரிமெண்டை, அதாவது சொத்தை விற்பதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை, ஏஜெண்ட் பெயரிலேயே போடுவது அடுத்த வழி. கையில் அட்வான்ஸ் வரும், சரி. ஆனால் அந்த நிமிடமே அவர் உங்கள் ஏஜெண்ட் இல்லை, வாங்குபவர். அவர் வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளினால் வித்தியாசம் அவருக்கு. நாலில் மூன்று பேர்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் அந்த மூன்று பங்கையாவது எழுதிக் கொடு என்று வழக்குப் போடுவார். ஏற்கெனவே ஒரு வழக்கு, இப்போது இரண்டு.

என் ஓட்டு கமிஷன் ஒப்பந்தத்துக்கே. விலை பேசி ஆள் கொண்டு வருவது மட்டும் அவர் வேலை, பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. ஏஜெண்டுகளுக்கு இது பிடிக்காது, அதுவே பாதி சான்றிதழ். கமிஷன் எப்போது என்பதில்தான் சண்டை வரும். 'ஆள் கிடைத்ததும்' என்று விடாமல் 'கிரயப் பத்திரம் பதிவாகி முழுத்தொகை வந்த அன்று' என்று எழுதுங்கள். ஆறு மாதம் என்று கெடு வையுங்கள். பங்காளிகளே சமாதானமாகி ஒருவர் மற்றவர்கள் பங்கை வாங்கிக்கொண்டால் கமிஷன் கிடையாது என்று தனி வரி கட்டாயம் வேண்டும், கூட்டுச் சொத்தில் கடைசியில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

அப்புறம், வழக்கு எண்ணை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்றும் சேருங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவு. ஏஜெண்ட் அதை மறைத்து விற்றால், பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கியவர் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்.