தேக்கு என்று விற்ற ரப்பர் மரம்: மட்டக்களப்பில் தளபாடம் வாங்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு டவுனில் ஒரு தளபாடக் கடை எங்களுக்கு ரப்பர் மரத்தைத் தேக்கு என்று விற்றது. கடையின் பெயரைப் போடவில்லை, உள்பெட்டியிலும் கேட்க வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு இதே மாதிரியான இன்னொன்றுக்குள் போய் நிற்பீர்கள். வாசலில் நிற்கும்போதே ஆளை எப்படி மதிப்பிடலாம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்துத்தான் கல்யாணம். வீட்டைக் கட்டி முடித்தால் உள்ளே போடுவதற்குக் கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை எல்லாம் வேண்டும். தங்கச்சியின் கல்யாணம் ஆவணியில். ஆடியிலேயே கடைக்குப் போய் ஒரு பெட்ரூம் செட்டைப் பார்த்து, இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரத்துக்குப் பேசி, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கட்டினோம். மொரட்டுவையில் சொல்லிச் செய்வித்த சாமான், முழுக்கத் தேக்கு என்றார் முதலாளி. பில்லில் மரத்தின் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "தம்பி, எங்கட கடைல தேக்கத் தவிர வேற மரம் உள்ளுக்கே வராது. எழுதி என்ன செய்யப் போறீங்க?" என்று சிரித்தார். "பெட்ரூம் செட் – 1" என்று மட்டும் எழுதிக் கிழித்துத் தந்தார். நல்ல காலம், அதற்கு முன்பே தங்கச்சிக்குக் கடையிலிருந்து வட்ஸ்அப்பில் படம் வந்திருந்தது. படத்துக்குக் கீழே "தேக்கு செட்" என்று எழுதியும் இருந்தது. பிறகு எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

ஐப்பசி மழை தொடங்கியபோது கட்டிலுக்குக் கீழே கோதுமை மா மாதிரித் தூள் விழத் தொடங்கியது. கூட்டினால் மறுநாளும் அதே இடத்தில் இருக்கும். ஊர் ஓடாவியை (தச்சரை) கூட்டிவந்து காட்டினோம். அவர் அலுமாரியின் லாச்சியை (இழுப்பறையை) வெளியே இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேலே சிவப்பும் மண்ணிறமுமாகப் பளபளத்த பலகை, அடியில் வெள்ளையாக இருந்தது. சாயம் கண்ணில் படும் பக்கத்துக்கு மட்டும் பூசியது. கதவுகள் அழுத்திய மரத்தூள் பலகை, மேலே தேக்கு வரி போட்ட மெல்லிய தாள். கால்களும் சட்டமும் ரப்பர் மரம்.

ரப்பர் மரம் கெட்ட மரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வடிந்து ஓய்ந்த மரங்களை வெட்டி, உடனே போரான் மருந்து ஏற்றி, சூளையில் காயவைத்தால் பல வருடம் நின்று பிடிக்கும். அதில் மாச்சத்து அதிகம். மருந்து ஏற்றாமல் விட்டால் வண்டு முட்டையிடும், புழு உள்ளேயே தின்று தூளாக வெளியே தள்ளும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையானோ வண்டோ லேசில் தொடாது. தேக்கிலும் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியைச் சாயம் பூசி வைரம் என்று விற்பவர்கள் உண்டு, அதுவும் உளுக்கும். ரப்பர் மரம் என்று சொல்லி அதற்குரிய விலைக்குத் தந்திருந்தால் வாங்கியிருப்போம், சண்டையும் வந்திருக்காது.

தூளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் உங்கள் வீட்டில் ஈரம் என்றார்கள். பிறகு மருந்து அடித்தால் சரியாகும் என்றார்கள். பிறகு ஆள் வரும், அடுத்த கிழமை வரும், மழை விட்டதும் வரும். காசாளர் மேசைக்கு மேலே "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று போர்டு. அதைக் காட்டுவதற்கென்றே முதலாளி ஒரு பேனையை வைத்திருந்தார்.

இந்த இழுத்தடிப்பு சும்மா இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கான 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று சொல்லியே கடைக்காரர் அந்த மூன்று மாதத்தைத் தின்றுவிடுகிறார். நாங்கள் விசாரித்தபோது காலம் கடந்துவிட்டது. ஆகவே கடைக்காரரோடு எவ்வளவு இனிமையாகக் கதைத்துக்கொண்டிருந்தாலும் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கதையுங்கள். சபையின் அவசர எண் 1977. அதே சட்டத்தில், வாங்குபவர் கேட்டால் திகதி, அளவு, விலை எழுதிய பற்றுச்சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் குற்றம்.

சரி, இதை விட எனக்குப் பெரிதாகப் பட்ட விஷயம் வேறு.

எங்களுக்குச் செட்டைக் காட்டி விற்ற தம்பிக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். நல்ல பிள்ளை, தன்மையாகக் கதைப்பான். அட்வான்ஸ் கட்டப் போன அன்றே ஒன்றைக் கவனித்தேன். நூறு கதிரை விற்பனைக்கு இருக்கிற கடையில் வேலை செய்கிற ஒருவருக்கும் உட்கார இடமில்லை. ஒரு பிள்ளை சோபாவின் கைப்பிடியில் சாய்ந்ததற்கு முதலாளி எங்களுக்கு முன்னாலேயே கெட்ட வார்த்தையில் ஏசினார். தமிழ்நாட்டில் 2021 இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். இங்கே சோபாவுக்குப் பக்கத்தில் காலை முதல் இரவு வரை நிற்கிறார்கள்.

தூள் விழத் தொடங்கிய பிறகு போனபோது அந்தத் தம்பியைக் காணவில்லை. வேலையை விட்டு களுவாஞ்சிகுடியில் ஒரு சின்னக் கடையில் சேர்ந்திருந்தான். தற்செயலாக அங்கே கண்டபோது அவனாகவே வந்து கதைத்தான். "அண்ணன், ஒரு சாமான் திரும்பி வந்தா அத வித்தவன்ர சம்பளத்துல வெட்டுவாங்க. தேக்கு இல்ல எண்டு சொன்னாலும் ஏச்சு, சாமான் திரும்பி வந்தாலும் ஏச்சு. நான் என்ன செய்யிற?"

முறைப்பாட்டோடு வருகிற ஆளை அந்தக் கடையில் எல்லோரும் ஏன் அப்படித் தட்டிக் கழித்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. உங்கள் அலுமாரியை ஒப்புக்கொண்டால் அந்த மாதம் அவன் வீட்டுச் செலவில் துண்டு விழும். முதலாளி பொய்யை விற்கிறார், அதற்கான அபராதத்தை மட்டும் பொடியன் கட்டுகிறான். இப்படி நடத்தப்படுகிற ஆளிடம் நேர்மையான பதிலை எதிர்பார்ப்பது அநியாயம்.

அவனுக்குச் சம்பளம் கையில்தான், சீட்டு இல்லை, ஈபிஎப் இல்லை. சம்பளத்தில் ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும் என்பது 1958 ஆம் ஆண்டுச் சட்டம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈரிஎப்புக்கு முதலாளி இன்னொரு 3 சதவீதம் கட்ட வேண்டும். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஓர் ஆளுக்கு முதலாளி கட்ட வேண்டியது மாதம் 4,500. எட்டுப் பேர் வேலை செய்கிற கடையில் மாதம் 36,000 ரூபாய் முதலாளியின் பைக்குள்ளேயே நிற்கிறது. வேலை நேரத்துக்கும் 1954 இலிருந்தே சட்டம் இருக்கிறது. கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி, அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்குச் சம்பளம். அந்தக் கடையில் ஓவர்டைம் என்றால் ஒரு பிளேன்டீ. இதை வாசிக்கிற கடைப் பிள்ளைகள் யாராவது இருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

முதலாளி இந்தக் காசை இலாபம் என்று நினைக்கிறார். ஆனால் தளபாட வியாபாரம் நடப்பது வாய்ச்சொல்லில். படுவான்கரையில் வெள்ளாமை வெட்டி முடிந்து கையில் காசு புழங்கும்போது கொக்கட்டிச்சோலையிலிருந்தும் மண்டூரிலிருந்தும் குடும்பமாக டவுனுக்கு வருவார்கள். வருமுன் யாராவது ஒரு மாமியிடம் "எங்க வாங்கின?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். எங்கள் தங்கச்சி வீட்டுத் தூளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களில் மட்டும் மூன்று வீட்டில் அடுத்த வருடம் கல்யாணம். அனுபவமுள்ள பொருத்துகாரரும் வேலையை விட்டுப் போனதால், இப்போது அந்தக் கடையிலிருந்து போகிற கட்டில்கள் லொறியிலிருந்து இறக்கிய அன்றே ஆடுகின்றன என்று கேள்வி. வாசலில் தள்ளுபடிப் பதாகை பெரிதாகிக்கொண்டே போகிறது.

எங்கள் விவகாரத்தைக் கடைசியில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோனோம். ஓடாவி எடுத்த படங்கள், வட்ஸ்அப் வரி, பில் மூன்றையும் வைத்தோம். பேனையால் போர்டைக் காட்டிய முதலாளி அங்கே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். ஒரு லட்சத்து பத்தாயிரம் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். முழுத்தொகை கிடைக்கவில்லை. வழக்கென்று அலைவதற்கு இது பரவாயில்லை என்று மச்சான் சொன்னதால் கையெழுத்து வைத்தோம். கட்டில் இப்போதும் உளுத்துக்கொண்டிருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் லாச்சியை இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், அலுமாரியின் முதுகையும் கட்டில் காலின் அடியையும் பாருங்கள். பலகையின் மேல்பக்கத்து வரி வெட்டுமுனையில் தொடராவிட்டால் அது ஒட்டிய தாள். வட்ஸ்அப்பிலாவது மரத்தின் பெயரை எழுத வையுங்கள், எழுத மறுக்கிற இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அதோடு வேலை செய்கிற பிள்ளைகளையும் ஒருக்கால் பாருங்கள். உட்காருகிறார்களா, முதலாளி வந்ததும் முகம் மாறுகிறதா, போன வருடம் நின்றவர் இந்த வருடமும் நிற்கிறாரா என்று கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுமுகமாகவே இருந்தால், பிறகு நீங்கள் பிரச்சினையோடு போகும்போது உங்களைத் தெரிந்த ஆள் அங்கே இருக்காது.

சாப்பாட்டு மேசையை அந்தத் தம்பி வேலை செய்கிற களுவாஞ்சிகுடிக் கடையில் வாங்கினோம். டவுனை விட விலை கொஞ்சம் கூடத்தான். நாங்கள் கேட்காமலேயே பில்லில் எழுதித் தந்தான்: "கால் தேக்கு, மேல்பலகை மகோகனி, கதிரை இருக்கை பிளைவூட்."