ரூ.52,440 வராமல் நிற்கிறது: குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறவர்கள் கவனத்துக்கு

குழந்தைகளுக்கு மேடைப் பேச்சு வகுப்போ கோடை முகாமோ நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். பதிவுக் கட்டணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று வந்த ஒரு ஆன்லைன் தளம் எனக்குத் தர வேண்டிய ரூ.52,440-ஐத் தராமல் இழுத்தடிக்கிறது. வகுப்பு மே மாதமே முடிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிற நேரத்தில் பொதுவில் பெயர் வேண்டாம் என்று தெரிந்த வழக்கறிஞர் சொன்னார். ஓவியம், செஸ், ரோபோட்டிக்ஸ், பேச்சுப் பயிற்சி என்று குழந்தைகள் வகுப்புகளை வரிசையாகப் போட்டு, பெற்றோரிடம் பணத்தை வாங்கி, கமிஷன் கழித்துக்கொண்டு மீதியை நமக்கு அனுப்புகிறோம் என்று சொல்லும் வகைத் தளம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது போதும்.

தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து வெளியே வந்தவள் நான். இப்போது இந்த வகுப்புகள்தான் என் சம்பாத்தியம். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்கள் பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகள் பலருக்கும் தெரிந்திருக்கும். அம்பேத்கர், கலைஞர், அண்ணா, பெரியார், காந்தி, நேரு என்று ஆண்டு முழுக்க வரும். முதல் பரிசு ரூ.5,000, அடுத்து ரூ.3,000, ரூ.2,000, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. ஜூலை 18 தமிழ்நாடு நாளுக்கும் போட்டி வைக்கிறார்கள். இதற்கெல்லாம் பிள்ளைகள் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அதை மாற்றத்தான் நான் வகுப்பு எடுக்கிறேன்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் கையில் பெரிதாக மிஞ்சாது. அது தெரிந்தால்தான் ரூ.52,440 எனக்கு எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். ஹாலில் நூறு பேரை உட்காரவைத்துத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போவதைப் பயிலரங்கு என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சு, பேசினால்தான் வரும். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் எழுந்து மைக் முன்னால் நின்றாக வேண்டும். பத்தொன்பது பேர் தலைக்கு மூன்று நிமிடம் பேசினாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும். எங்கே மூச்சு வாங்கியது, எங்கே கண் தரைக்குப் போனது, எந்த லகரம் ளகரமானது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல இன்னொரு மணி நேரம். ஆறாம் வகுப்புப் பிள்ளையையும் பிளஸ் டூ பிள்ளையையும் ஒரே குழுவில் போட முடியாது, சின்னது வாயே திறக்காது. அதனால் இரண்டு குழு, உதவிக்கு ஆட்கள், கூடுதல் நேர வாடகை. இந்த மே மாத வகுப்புக்குச் சேர்ந்தது 38 பிள்ளைகள், தலைக்கு ரூ.1,500. ஐந்து நாள்.

வகுப்பு நன்றாகவே நடந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முதல் நாள் "அவையோர்க்கு வணக்கம்" என்றவள் இரண்டாவது வரியில் நின்று, தாவணி நுனி மாதிரி அந்த மைக் ஒயரைத் திருகிக்கொண்டே இருந்தாள். அழவில்லை, நகரவும் இல்லை. காகிதத்தை வாங்கி வைத்துவிட்டு, "நேத்து நீ எங்க போனேன்னு மட்டும் சொல்லு" என்றேன். ரேஷன் கடைக்குப் போனதைச் சொன்னாள். நான்காம் நாள் அதே ரேஷன் கடை வரிசையை வைத்து, கையில் காகிதம் இல்லாமல், மூன்று நிமிடம் பேசினாள். கடைசியில் நிற்கிற பாட்டியை யாரும் முன்னால் விடவில்லை என்று சொல்லும்போது ஹால் அமைதியாகிவிட்டது. அவள் அப்பா அந்த ரூ.1,500-ஐ எப்படிப் புரட்டினார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணமும் சேர்த்துத்தான் அந்தத் தளத்திடம் மாட்டியிருக்கிறது.

நம்ப வைத்தது எப்படி என்பதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். மார்ச் மாதம் அந்தத் தளத்திலிருந்து ஒரு பையன் பேசினான். மரியாதையான பேச்சு. "மேடம், பெற்றோர் ஒவ்வொருத்தருக்கும் நீங்க போன் பண்ணி பணம் கேக்க வேணாம், ரசீது எழுத வேணாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." கமிஷன் எல்லாம் சேர்த்து 8 சதவீதம். நான் உடனே சரி சொல்லவில்லை. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மட்டும் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். வகுப்பு முடிந்து மூன்றாம் நாள், கமிஷன் போக மிச்சம் பைசா குறையாமல் கணக்கில் ஏறியது. அதற்கப்புறமும் கேட்டேன், "பெரிய தொகையா இருந்தா?" என்று. அப்போது சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "அக்கா, உங்க பணம் எஸ்க்ரோ அக்கவுன்ட்ல இருக்கும். நாங்க நெனச்சாகூட அதைத் தொட முடியாது." அதற்குள் மேடம் போய் அக்காவாகியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மே மாத வகுப்பை முழுசாக அவர்களிடம் திறந்தேன்.

எஸ்க்ரோ என்றால் வங்கியில் தனியாக வைக்கும் கணக்கு. ஒப்பந்தத்தில் சொன்ன காரியத்துக்குத் தவிர வேறு எதற்கும் அந்தப் பணத்தை எடுக்கக் கூடாது. அப்படி ஒன்று அவர்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. பெற்றோரின் யுபிஐ ரசீதுகளை வாங்கிப் பார்த்தேன். பணம் போயிருப்பது அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு, எஸ்க்ரோ என்று எங்கும் இல்லை.

38 பேர், ரூ.57,000. அதில் 8 சதவீதம் ரூ.4,560 கழித்தால் ரூ.52,440. டாஷ்போர்டில், அதாவது தளத்தில் என் கணக்கு விவரம் தெரியும் பக்கத்தில், அந்த எண் பச்சை எழுத்தில், பக்கத்தில் "செட்டில்மென்ட் ப்ராசஸிங்" (பணம் அனுப்பும் வேலை நடக்கிறது) என்று இருந்தது. மூன்று வேலை நாள் போனது. ஒரு வாரம் போனது. பேசினால், பேங்க் விடுமுறை என்றார்கள். அடுத்து கேஒய்சி புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். மார்ச்சில் கொடுத்த அதே பான் கார்டை, அதே ரத்து செய்த காசோலையை மறுபடி அனுப்பினேன். பிறகு "ரீகன்சிலியேஷன் நடக்குது மேடம்", அதாவது கணக்கை ஒத்துப்பார்க்கிறார்களாம். அக்கா மறுபடி மேடமாகிவிட்டேன். பிறகு அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். புதிதாக ஒரு பெண், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை கேட்பாள், "உங்க கன்சர்ன் புரியுது மேடம், எஸ்கலேட் பண்ணியிருக்கேன்" என்பாள். யாரிடம் எஸ்கலேட் பண்ணினாய், அவர் பெயர் சொல்லம்மா என்றால் லைன் கட்டாகிவிடும். கடைசியாக வந்த மின்னஞ்சலில் என் பெயர்கூட இல்லை, "டியர் பார்ட்னர்" என்று தொடங்கியது.

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், வகுப்புக்கே வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் தளத்தில் உடனே ஒப்புதல் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் இவர்கள் சொன்னது, "பயிற்சியாளர் மறுத்துவிட்டார்" என்று. அவர் என்னை போனில் அழைத்து, "டீச்சர், உங்ககிட்ட இதை எதிர்பாக்கல" என்றார். ஒப்புதல் கொடுத்த திரையைப் படமெடுத்து அனுப்பி, ரூ.1,500-ஐ என் கையிலிருந்து அன்றைக்கே போட்டுவிட்டேன். பணத்தை எடுத்ததும் இல்லாமல் இத்தனை வருஷமாகச் சேர்த்த பெயரிலும் கைவைத்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் பெற்றோர் வாய்மொழியாக ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வருவார்கள்.

ஹால் வாடகை, சவுண்ட் சர்வீஸ், பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அச்சடித்த செலவு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. உதவிக்கு வந்த இரண்டு பேரும் என் பழைய மாணவர்கள், கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன சம்பளத்தை நகையை வைத்துக் கொடுத்தேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றார்கள். இருக்கட்டும் என்று விட முடியாது. உழைத்த பிள்ளைகள்.

ரூ.52,440. ஒரு கோடை முழுக்க நான் சம்பாதித்தது.

இந்த மாதிரித் தளத்தில் சேரும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதித் தருவதாக எங்கள் ஆசிரியர்கள் குழுவில் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசில் தெம்பு இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும் சொல்கிறேன்.

கட்டணம் உங்கள் கணக்குக்கே நேராக வரட்டும். தளத்தை விளம்பரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பணத்துக்கு உங்கள் பெயரில் உள்ள கியூஆர் கோடு போதும். எஸ்க்ரோ என்று எவர் சொன்னாலும் எந்த வங்கி, ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். முதல் சின்னத் தொகை ஒழுங்காக வந்ததை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள், அது தூண்டில். அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். 15 இலக்கம், நம் மாநிலத்தில் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் இலவசமாகத் தேடினால் சட்டப்படியான பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் வரும். எனக்கு இன்வாய்ஸ் வந்ததே வகுப்பு முடிந்த பிறகு. அதில் இருந்த நிறுவனப் பெயர் வேறு, விளம்பரத்தில் போட்டிருந்த பெயர் வேறு. போனில் பேசியதையெல்லாம் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

பணம் நின்றுவிட்டால் காத்திருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இன்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாகவே மனு போடலாம், கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. "நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடுமாம். வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் வழக்கறிஞர். அப்பட்டமான மோசடி என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும்.

சுதந்திர தினப் போட்டிக்கும் செப்டம்பர் போட்டிகளுக்கும் இப்போதே பலர் வகுப்பு அறிவித்திருப்பீர்கள். இந்த மாதிரித் தளத்தில் பதிவு திறந்து வைத்திருந்தால் இன்று இரவே டாஷ்போர்டை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள், சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பதிவை மூடுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. என்னிடம் பட்டியல் இருப்பது நான் நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால்தான். ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் சேர்ந்தே மனு போட்டுவிடலாம்.