கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஃப்ளூ தடுப்பூசி: எங்கள் அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் நானும் என் மனைவியும், எழுபதைத் தாண்டிய என் தந்தையும், பண்ணையிலேயே தங்கி வேலை செய்யும் இருவரும் கடந்த மே மாத இறுதியில், தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பாக, இங்குள்ள ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டோம். கோழியும் வாத்தும் வளர்ப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது செவிலியரின் கவனம். குளிர்பெட்டியைத் திறப்பதற்கு முன் அதன் கதவில் இருந்த வெப்பமானியைக் காட்டினார். நான்கு டிகிரி இருந்தது. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால்தான் மருந்துக்கு வீரியம் இருக்கும் என்றார். பிறகு அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்து, எந்த ஆண்டுக்கான தயாரிப்பு, எப்போது காலாவதி என்று என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார். ஃப்ளூ கிருமி ஓயாமல் உருமாறுவதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதனால் பெட்டியில் உள்ள ஆண்டு மிக முக்கியம். முந்தைய ஆண்டு வேறோர் ஊரின் மருந்துக்கடையில் வாங்கியபோது பனிக்கட்டி கூட இல்லாமல் வெறும் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அது பழைய பருவத்துச் சரக்கு என்பது ஊசி போட்ட பிறகே தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. "பறவைக் காய்ச்சல் வந்தா இந்த ஊசி தடுக்குமுங்களா?" என்று என் தந்தை கேட்டபோது, "இல்லைங்க ஐயா, அதை இது தடுக்காது" என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பின் எதற்குப் போட வேண்டும் என்பதையும் அவரே விளக்கினார். கோழியிடமிருந்து வரும் கிருமியும் மனிதர்களிடையே பரவும் சாதாரண ஃப்ளூ கிருமியும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால், இரண்டும் மரபணுக்களை மாற்றிக்கொண்டு புதிய கிருமி பிறக்க வழியுண்டு. 1957, 1968 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய கொள்ளைநோய்கள் அப்படிப் பறவைக் கிருமியும் மனிதக் கிருமியும் கலந்து உண்டானவைதான். பண்ணையில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொண்டால் அந்தச் சந்திப்புக்கான வாய்ப்பு குறையும். 2024 ஏப்ரலில் ஆலப்புழையின் எடத்துவா, செறுதனா பகுதிகளில் வாத்துகள் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமியால் செத்து, எல்லைச் சோதனைச்சாவடிகளில் எங்கள் வண்டிகளுக்கு மருந்து தெளித்த நாட்களை நினைத்துக்கொண்டே இதைக் கேட்டேன்.

எச்5என்1 மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவத் தொடங்கினால் தடுப்பூசி எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்று கேட்டேன். இன்றும் பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிகள் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்க்கப்படுவதால், புதிய வகைக்கு ஆறு மாதம் வரை ஆகலாம் என்றார். கோழிகளையே கொல்லும் நோய்க்குக் கோழிமுட்டையை நம்பியிருக்கிறோம் என்பது, கோழியை வைத்துப் பிழைக்கும் எனக்கு உறைத்தது. கிருமியின் மரபணு வரிசையை மட்டும் வைத்து ஊசி தயாரிக்கும் எம்ஆர்என்ஏ முறைக்கு முட்டை தேவையில்லை. கொரோனா கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியாகி, மார்ச் 16 அன்றே அந்த முறையில் செய்த முதல் சோதனை ஊசி போடப்பட்டதை எடுத்துச் சொன்னார். பின்லாந்து 2024இல் கோழிப்பண்ணைத் தொழிலாளர்கள் உள்ளிட்டோருக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியே கொடுக்கத் தொடங்கியது என்றும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்துத் தொழிலாளர்களுக்கும் அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

குறை என்றால் விலைதான். தலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லாததால் முழுவதும் கைக்காசு. வேலையாட்கள் இருவருக்கும் நானே கட்டினேன். கூலிக்காரர்கள் தாமாகப் போட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவே முடியாது. காத்திருக்கும் இடமும் குறுகலானது. காய்ச்சலோடு வந்தவர்களுக்கு நடுவேதான் என் தந்தை உட்கார வேண்டியிருந்தது.

ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். தந்தைக்கு மறுநாள் கை வலித்தது, எங்களுக்கு அதுவும் இல்லை. பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழை தொடங்கும் வரை காத்திராமல் மே முதல் வாரமே போவது நல்லது. கேட்டவர்களுக்கு மட்டுமே மருந்தை வரவழைக்கிறார்கள், அதனால் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.